என் பேரில் ஒரு நேர்த்திக்கடன்

சாந்தோ தொமிங்கோ, வில்லா ஹுவானா
14 நவம்பர் 2004

அன்புள்ள அக்கா சுனில்தா,

முதலில் குழந்தையைப் பற்றி. யானிரிஸ் நேற்று ஒரு தட்டு நிறைய மசித்த வாழைக்காயைத் தின்று தீர்த்தாள். தன் தட்டிலிருந்த பொரித்த சலாமி இறைச்சி போதாமல் என் தட்டிலும் கை வைத்தாள். போன மாதம் டெங்கு வார்டில் கண்ணைத் திறக்காமல் கிடந்த பிள்ளை இவள்தானா என்று எனக்கே சந்தேகம். இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்துக்கு நீ அனுப்பியது சமயத்தில் வந்து சேர்ந்தது. நன்றி என்று எழுதினால் திட்டுவாய், அதனால் எழுதவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய். அழைப்பு அட்டை தீரும்போது நான் முதல் வாக்கியத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். இந்தச் செய்தியை நான் முழுதாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பெரிய சாலையில் கட்டிக்கொண்டிருந்தார்களே, அந்த வணிக வளாகம் முடிந்துவிட்டது. அதில் லூசெர்னா என்ற ஸ்பெயின் நாட்டுத் துணிக்கடை வருகிறது. மார்ச்சில் திறப்பு. ஐரோப்பாவில் தெருவுக்குத் தெரு இருக்கிற கடையாம். நம் தீவில் இதுதான் முதல். விற்பனைப் பெண்ணாக என்னை எடுத்திருக்கிறார்கள். ஜனவரியில் பயிற்சி. முக்கியமான விஷயம், மருத்துவக் காப்பீடு தருகிறார்கள். எனக்கு மட்டுமில்லை, யானிரிஸுக்கும். இனி அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாற்காலிக்கு அலைய வேண்டாம்.

தலை முதல் கால் வரை கறுப்பு உடை போட வேண்டுமாம். கறுப்பு எனக்கு எடுப்பாக இருக்கும் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள்.

இன்னொன்று. கோபப்படாதே. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பும் பீப்பாயில் இந்த முறை விற்பனைக்குத் துணி போட வேண்டாம். நம் கூடத்தில் கொடி கட்டித் தொங்கவிட்டாலும் வாங்க ஆளில்லை. தெருவே மார்ச் மாதத்துக்காகக் காத்திருக்கிறது. “அமெரிக்காத் துணி போட்டு அலுத்துப்போச்சுடி, ஸ்பெயின் துணி வரட்டும்” என்கிறாள் எதிர்வீட்டு மெர்செதெஸ். நீ அனுப்பிய ஜீன்ஸைப் போட்டுக்கொண்டேதான் இதைச் சொல்கிறாள்.

உன் தங்கை,
பெல்கிஸ்

---

நியூயார்க்
28 நவம்பர் 2004

பெல்கிஸ்,

குழந்தை சாப்பிட்டதைப் படித்துவிட்டு இங்கே நானும் இரண்டு முறை சாப்பிட்டேன். வேலை கிடைத்ததற்குச் சந்தோஷம். காப்பீடு என்ற வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பீப்பாய் விஷயத்தை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். என் அறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அது பாதி நிரம்பி நிற்கிறது. அதன் மேல்தான் என் காபிக் கோப்பை இருக்கிறது. ஒவ்வொரு துணியையும் தேடி, துவைத்து, இஸ்திரி போட்டு வைத்தேன். இப்போது ஸ்பெயின்காரன் வந்துவிட்டான், அக்கா வேண்டாம். சரி. எப்படியும் அனுப்புவேன். விற்காவிட்டால் தானம் செய்.

நானும் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ அந்தக் கறுப்பு உடையைப் போட முடியாது.

குழந்தைக்கு ரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறது என்று நீ போன் செய்தபோது, நான் பார்த்துக்கொள்கிற மிசஸ் பாப்பஸின் சமையலறையில் இருந்தேன். போனை வைத்துவிட்டு அங்கேயே முழங்காலில் விழுந்தேன். அல்தகிராசியா மாதாவிடம் நேர்ந்தேன். குழந்தை பிழைத்தால், வருகிற ஜனவரி மாதா திருநாள் தொடங்கி அடுத்த திருநாள் வரை ஒரு வருஷம் நேர்த்தி உடுப்பு. நீல அங்கி, வெள்ளை மார்புத்துணி. நகை கிடையாது, உதட்டுச் சாயம் கிடையாது. வருஷம் முடிந்ததும் இகுவேய் கோயிலுக்குப் போய் அந்த உடுப்பை மாதாவின் முன்னால் கழற்றி வைக்க வேண்டும்.

உன் பேரில்தான் நேர்ந்தேன். நீ உடுத்துவதாக.

உடுப்பைத் தைத்தும்விட்டேன். பீப்பாயில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும்.

அக்கா

---

வில்லா ஹுவானா
19 டிசம்பர் 2004

அக்கா,

யாரைக் கேட்டு நேர்ந்தாய்?

வாய் உன்னுடையது, முழங்கால் உன்னுடையது. உடம்பு மட்டும் என்னுடையதா? நேர்வதென்றால் உன் தலைமுடியை நேர்ந்திருக்கலாம். ஒரு வருஷம் காபி குடிக்க மாட்டேன் என்று நேர்ந்திருக்கலாம். இல்லை, நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு சாந்தோ தொமிங்கோவில் இருக்கிறவளுக்கு நீலம் போட்டுவிட்டாய்! எனக்கு வேலை கிடைக்கும் என்று உனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் குழந்தை எழுந்து ஓடி விளையாடின இத்தனை நாளில் ஒரு வார்த்தை சொல்லக்கூடவா நேரமில்லை?

பங்குச் சாமியாரிடம் ஓடினேன். “ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் நேர்ந்தா அது உன்னைக் கட்டாதும்மா. கொஞ்சம் ஜெபமாலை சொல்லிடு, தீந்துபோச்சு” என்றார். நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். மெர்செதெஸ் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

“சாமியாருக்கு என்னடி தெரியும்? அவருக்குப் பிள்ளையா, குட்டியா? மாதா குடுத்தாச்சு. இப்ப நீ போய், எங்கக்கா தெரியாம சொல்லிட்டா, கணக்கை மாத்துங்கன்னு சொல்லுவியா?”

அன்றைக்குப் பார்த்து யானிரிஸ் தும்மினாள். ஒரு தும்மல்தான், மிளகுப் பொடி. ஆனால் என் உயிர் போய்விட்டு வந்தது.

பீப்பாய் வந்துவிட்டது. மேலே உன் உடுப்பு. போட்டுப் பார்த்தேன். அக்கா, நீ விமானம் ஏறியபோது எனக்குப் பதினெட்டு வயது, சோளத்தட்டை மாதிரி இருந்தேன். அந்த அளவில் தைத்திருக்கிறாய். நான் ஒரு பிள்ளை பெற்றவள். பாதி தோளில் மாட்டிக்கொண்டு, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றேன். யானிரிஸ்தான் இழுத்து விடுவித்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

நான் சிரிக்கவில்லை. உடுப்பைப் போட்டால் வேலை போகும். வேலை போனால் காப்பீடு போகும். போடாவிட்டால் என் குழந்தைக்கு வருகிற ஒவ்வொரு தும்மலுக்கும் நான் செத்துப் பிழைக்க வேண்டும். என்னை நன்றாக மாட்டிவிட்டாய்.

பெல்கிஸ்

---

நியூயார்க்
5 ஜனவரி 2005

அன்புள்ள பெல்கிஸ்,

உடுப்பின் அளவைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். போட்டோவில் உன்னைப் பார்க்கிறேன்தான். ஆனால் கத்தரிக்கோலை எடுத்தால் என் கை அந்த விமான நிலையத்தில் அழுதுகொண்டு நின்ற பெண்ணைத்தான் அளக்கிறது.

யாரைக் கேட்டு நேர்ந்தாய் என்று கேட்டாய். பதில் சொல்கிறேன். அன்றைக்கு என்னால் வர முடியவில்லை. இங்கே தங்க எனக்கு முறையான காகிதம் இல்லை. கிளம்பினால் திரும்ப முடியாது, திரும்பாவிட்டால் மருந்துக்கு யார் அனுப்புவது? மாதாவிடம் எதையாவது கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். என்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு குளிர்கோட்டு இருந்தது, ஒரு பீப்பாய் இருந்தது. எனக்கென்று நிஜமாக இருந்தது நீதான். அதனால் உன்னைக் கொடுத்துவிட்டேன். கேட்காமல் கொடுத்தது தப்பு. மன்னித்துவிடு.

இங்கே நம் கோயில் பெண்களிடம் கேட்டேன், வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாமா என்று. பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் யாருக்கும் தெரியவில்லை. எனவே நானே முடிவு செய்தேன்: நீ உன் கறுப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போ. நீலத்தை நான் உடுத்துகிறேன். எனக்கும் ஒன்று தைத்துவிட்டேன், இது சரியாக இருக்கிறது. மிசஸ் பாப்பஸ் கிரேக்கத்துக்காரி. என்னைப் பார்த்ததும் கைதட்டி, “எங்க நாட்டுக் கொடி மாதிரியே இருக்கே!” என்று கட்டிக்கொண்டாள். அவளிடம் நான் விளக்கப் போகவில்லை.

மாதாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ குழந்தையைப் பார்.

அக்கா

---

வில்லா ஹுவானா
30 ஜனவரி 2005

அன்புள்ள அக்கா,

உன் பேச்சைக் கேட்கவில்லை. திருநாளன்று காலையிலிருந்து நீலத்தில்தான் இருக்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு யோசித்தேன். அந்த வார்டில் நான் என்ன செய்தேன்? குளுகோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழக்கூடத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாததை நீ அங்கே செய்திருக்கிறாய். உடுத்துவதையாவது நான் செய்ய வேண்டாமா? மெர்செதெஸ் தன் தலையணை உறையைக் கிழித்து இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை வைத்துக் கொடுத்தாள். இப்போது மூச்சு விட முடிகிறது.

பயிற்சிக்கு அப்படியே போனேன். எங்கள் மேலாளர் டோன்யா ரெமெடியோஸ் ஸ்பெயின்காரி. எலும்பும் கண்ணாடியுமாக இருப்பாள். என்னைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். காரணத்தைச் சொன்னேன். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

“இங்க எல்லாரும் கறுப்பு. உனக்கு மட்டும் தனிச் சட்டம் போட என்னால முடியாது.”

“அப்ப நான் கிளம்பவா, டோன்யா?”

“கிளம்புன்னு சொன்னேனா? சாமான் அறையில வேலை இருக்கு. அங்க வாடிக்கையாளர் யாரும் பாக்க மாட்டாங்க. என்ன வேணா போட்டுக்கோ.”

காப்பீடு அப்படியே இருக்கிறது. அதற்கு மாதாவுக்கும் டோன்யாவுக்கும் நன்றி. ஆனால் உன்னிடம் மறைப்பதற்கென்ன, பேருந்தில் அழுதுகொண்டேதான் வந்தேன். அந்த விளக்கு வெளிச்சத்தில், அத்தனை பெரிய கண்ணாடிகளுக்கு நடுவில் நிற்கப்போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். இப்போது அட்டைப் பெட்டிகளோடு நிற்கிறேன்.

பெல்கிஸ்

---

நியூயார்க்
16 பிப்ரவரி 2005

பெல்கிஸ்,

நான் நினைத்தது வேறு, நீ செய்தது வேறு. உன் மேல் எனக்கு இவ்வளவு நன்றி இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

அந்த ஸ்பெயின்காரிக்கு மட்டும் ஒன்று சொல். மாதாவின் உடுப்பைச் சாமான் அறையில் ஒளித்து வைத்துத் துணி விற்றால் எத்தனை விற்கும் என்று நானும் பார்க்கிறேன்.

வேண்டாம், சொல்லிவிடாதே. காப்பீடு இருக்கிறது.

நானும் இங்கே நீலத்தைக் கழற்றவில்லை. குளிர்கோட்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாது, இருந்தாலும்.

அக்கா

---

வில்லா ஹுவானா
20 மார்ச் 2005

அன்புள்ள அக்கா,

உட்கார்ந்து படி. கூடவே கொஞ்சம் இனிப்பு அவரைப் பாயசம் வைத்துக்கொள். இங்கே ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம், தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கிண்ணம் வந்துகொண்டே இருக்கிறது.

கடை திறந்தாயிற்று. விடிவதற்கு முன்பே வரிசை வளாகத்தைச் சுற்றி நின்றது. பாதிப் பேர் வாங்க வந்தவர்கள், மீதிப் பேர் குளிர்சாதனக் காற்று வாங்க வந்தவர்கள். நம் பேட்டையில் அன்றைக்கும் மின்சாரம் இல்லை, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நகரும் படிக்கட்டில் ஏறியவர்கள் இறங்க மறுத்தார்கள். பேரம் பேசாமல் வாங்குவது எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. “சரி, ரெண்டா எடுத்தா என்ன குறைப்பே?” என்று ஒருத்தி கல்லாப் பெண்ணிடம் கேட்க, இவள் விலைச்சீட்டைக் காட்ட, “அது தெரியுது கண்ணு, எனக்கு என்ன விலை?” என்றாள். இன்னொருத்தி மாதக் கடைசியில் தருவதாகச் சொல்லிவிட்டு மூன்று சட்டையோடு கிளம்பியேவிட்டாள். வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார்களா, அதை ஒருவரும் நம்பவில்லை. மெர்செதெஸ் ஒரு பாவாடை வாங்கி, சோதித்துப் பார்க்கவே மறுநாள் திருப்பிக் கொடுத்தாள். பணம் வந்துவிட்டது. ஆடிப்போய் அதே பாவாடையை மறுபடி வாங்கிக்கொண்டு வந்தாள்.

இப்போது என் கதை. மதியத்துக்குள் அலமாரிகள் காலி. உள்ளேயிருந்து எடுத்துக் கொடுக்க ஆள் போதவில்லை. டோன்யாவே சாமான் அறைக் கதவைத் திறந்து, “பெல்கிஸ், கொண்டா, கொண்டா!” என்று கத்தினாள். கை நிறையத் துணியோடு வெளியே வந்தேன்.

இரண்டடிகூட வைத்திருக்க மாட்டேன். ஒரு அம்மா என் தோளைத் தொட்டாள்.

“என்ன வேண்டுதல், மகளே?”

“பிள்ளைக்கு டெங்கு. பிழைச்சுக்கிட்டா.”

“மாதாவே!” என்று சிலுவை போட்டுக்கொண்டு என் கையிலிருந்த துணியில் பாதியை வாங்கி அவளே அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். அடுத்தவள் வந்தாள். அவள் மகனுக்கு விபத்தாம், அப்போது அவளும் நீலம் உடுத்தியவளாம். இன்னொருத்தி, பணக்காரப் பேட்டைக்காரி, காதில் வைரம். ஒன்றுமே கேட்கவில்லை. என் உடுப்பின் ஓரத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு நின்று அழுதாள். அவளுக்கு என்ன குறையோ. என்னைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. என் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று இரண்டு பேர் பிடிவாதம் பிடித்தார்கள். ஏதோ கலாட்டா என்று நினைத்துக் காவலாளி ஓடி வந்தான். வந்தவனும் தொப்பியைக் கழற்றிவிட்டு, “எங்கம்மாவுக்கு சர்க்கரை வியாதி, ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றான்.

கடை மூடியதும் டோன்யா என்னைக் கூப்பிட்டாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

“எங்க ஊர்லயும் இது உண்டு. அங்க ஊதா. எங்கம்மா எனக்காக ஊதா உடுத்தினாங்க, என் மூச்சுக் கோளாறுக்காக. பள்ளிக்கூட வாசல்ல அவங்க வந்து நின்னா, நான் தெரியாத மாதிரி போயிடுவேன். அவ்வளவு வெட்கமா இருக்கும்.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “உன்னை உள்ள போட்டதுக்கு உடை விதி மட்டும் காரணமில்ல.”

“இப்ப மூச்சு நல்லா இருக்கா, டோன்யா?” என்று கேட்டேன். அக்கா, அந்த எலும்புக்காரி சிரித்தாள்.

மறுநாளிலிருந்து நான் முன்பக்கத்தில் நிற்கிறேன். எல்லாரும் கறுப்பு, நான் மட்டும் நீலம். தலைமையகத்துக்கு என்னைப் போட்டோ எடுத்து அனுப்பி, காரணம் எழுதி, அனுமதியும் வாங்கிவிட்டாள்.

இதெல்லாம் நீ போட்ட நீலம். கேட்காமல் கொடுத்தாயே, அதற்கு இப்போது நன்றி எழுதுகிறேன். திட்டினால் திட்டு.

பெல்கிஸ்

---

நியூயார்க்
12 ஏப்ரல் 2005

அன்புள்ள பெல்கிஸ்,

உன் கடிதத்தை மிசஸ் பாப்பஸுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பாவாடையைத் திருப்பிக் கொடுத்த இடம் வந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் மூச்சு முட்டிவிட்டது. நானும் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே சிரித்தேன். பிறகு பேருந்தில் உன் கடிதத்தை மறுபடி படித்தேன், அப்போது சிரிப்பு வரவில்லை. கண் துடைக்கக் கைக்குட்டை இல்லாமல் நீல உடுப்பின் நுனியாலேயே துடைத்தேன். மாதா தப்பாக நினைக்க மாட்டாள்.

பீப்பாயை எடுத்து ஜன்னலோரம் தள்ளிவிட்டேன். இனி விற்பனைத் துணி கிடையாது. யானிரிஸுக்கு என்ன வேண்டும் என்று அவளையே எழுதச் சொல்.

என் காகிதத்துக்காக மிசஸ் பாப்பஸின் மகன் போட்ட விண்ணப்பம் இன்னும் நகரவில்லை. வக்கீல் பொறு என்கிறார். பொறுப்பதற்கு நான் என்ன புதிதா.

அக்கா

---

வில்லா ஹுவானா
25 செப்டம்பர் 2005

அன்புள்ள அக்கா,

பெரிய வேடிக்கை. போன வாரம் ஸ்பெயினிலிருந்து புதுச் சரக்கு வந்தது. பெட்டியைப் பிரித்தேன். நீல அங்கி, வெள்ளை மார்புத்துணி, இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை! அக்கா, அது மெர்செதெஸின் தலையணை உறை! டோன்யா அனுப்பிய போட்டோவைப் பார்த்து எவனோ அங்கே வரைந்திருக்கிறான். நான் குண்டானதால் வந்த பட்டை இப்போது ஐரோப்பா முழுக்க மோஸ்தர்.

வேண்டுதல் இல்லாமல் மாதா உடுப்பை உடுத்தி நடனத்துக்குப் போவார்களே என்று பயந்தேன். டோன்யா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் நம் பெண்களை நானும் டோன்யாவும் குறைத்து எடை போட்டுவிட்டோம். ஒருத்தியும் அதை அழகுக்கு வாங்கவில்லை. கல்லாப் பெண்ணிடம் போய், கூச்சத்தோடு குரலைத் தாழ்த்தி, “நேர்த்திக்குத்தான்” என்கிறார்கள். கல்லாப் பெண்ணும் இப்போது பழகிவிட்டாள், “என்ன வேண்டுதல்?” என்று கேட்டுவிட்டுத்தான் மடித்துக் கொடுக்கிறாள். தையல்காரியைத் தேடி அலைய வேண்டாம், அளவும் சரியாக இருக்கிறது என்று சந்தோஷம். பெரிய அளவு முதலில் தீர்ந்துபோயிற்று. இவ்வளவு விற்கிறதே, இன்னும் அனுப்பவா என்று ஸ்பெயினில் கேட்கிறார்கள். ஏன் விற்கிறது என்பதை டோன்யா அவர்களுக்குச் சொல்லவில்லை. “சொன்னா நம்ப மாட்டாங்க” என்கிறாள்.

எதிரில் ஒரு கொலம்பியாக் கடையும் திறந்துவிட்டது. அங்கே யாரும் இப்படிக் கூட்டமாக அழுவதில்லை.

யானிரிஸுக்கு முன்பல் விழுந்தது. சளிகூடப் பிடிக்கவில்லை.

பெல்கிஸ்

---

நியூயார்க்
20 நவம்பர் 2005

பெல்கிஸ்,

விண்ணப்பம் மறுபடி தள்ளிப்போய்விட்டது. ஏதோ ஒரு தாள் பழையதாகிவிட்டதாம், எல்லாவற்றையும் முதலிலிருந்து கொடுக்க வேண்டுமாம். நான் வரமாட்டேன் என்றே நினைத்துக்கொள். எனக்காகக் காத்திருக்காமல் ஜனவரியில் நீ இகுவேய்க்குப் போய் வேண்டுதலை முடி.

கொஞ்ச நாள் எழுத மாட்டேன். மனமில்லை.

அக்கா

---

இகுவேய்
21 ஜனவரி 2006

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனையும் எடுக்கவில்லை. நான் பேசுகிறேன், நீ கேள்.

இன்றைக்கு வேண்டுதல் முடிந்தது. கோயில் வாசலில் நிற்க இடமில்லை, நாடே வந்திருந்தது. சுற்றிலும் பார்த்தால் எங்கள் கடை உடுப்புகள், அந்தத் தலையணை உறைப் பட்டையோடு. டோன்யா ரெமெடியோஸும் வந்திருந்தாள், விடுமுறை எடுத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு. வேடிக்கை பார்க்க வந்தேன் என்றாள். தன் அம்மாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நீ தைத்த உடுப்பைக் கழற்றி மடித்து வைத்தேன். யானிரிஸும் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். “மாதா, எங்கக்கா குடுத்த வாக்கு, இந்தாங்க” என்றேன். தலை நிமிர்ந்து சொன்னேன். பயந்து பயந்து தொடங்கிய வருஷம். என் வாழ்க்கையில் இவ்வளவு நன்றியோடு இருந்த வருஷம் வேறு இல்லை.

அதோடு எழுந்து வந்திருப்பேன். எழுந்திருக்க முடியவில்லை. நீ எழுதியது நினைவுக்கு வந்தது, வரமாட்டேன் என்றே நினைத்துக்கொள் என்று. அக்கா, எனக்கும் வாய் இருக்கிறது. நானும் உன் பேரில் நேர்ந்துவிட்டேன். உனக்குக் காகிதம் கிடைத்து நீ வந்தால், இந்தக் கோயில் வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலாலேயே நடப்பாய் என்று. உன் முழங்கால் வலி எனக்குத் தெரியும். தெரிந்துதான் நேர்ந்தேன். சின்ன விஷயமாகக் கேட்டால் மாதா சின்ன விஷயமாக நினைத்துவிடுவாள்.

உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ விடமாட்டாய்.

பெல்கிஸ்

---

நியூயார்க்
9 நவம்பர் 2006

அடியே பெல்கிஸ்,

என் முழங்கால் உனக்கு என்ன பாவம் செய்தது?

உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபத்தில் பீப்பாயை உதைத்தேன், கால்விரல் வீங்கிவிட்டது. பிறகு வக்கீலுக்குப் போன் செய்து, எந்தெந்தத் தாள் வேண்டும், மறுபடி சொல்லுங்கள் என்றேன். விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ மாதாவிடம் என் பேரில் சொல்லிவிட்டாய். நான் சும்மா இருந்தால் உன் வாக்கு என்ன ஆவது?

கைக்கு வரும்வரை உனக்கு எழுதுவதில்லை என்று இருந்தேன். நேற்று கிரீன் கார்டு வந்துவிட்டது. என் பெயர், என் முகம். போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன். மிசஸ் பாப்பஸ் அதை வாங்கி முத்தமிட்டு எண்ணெய்க் கறை ஆக்கிவிட்டாள். துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன், போகவில்லை. போகாவிட்டால் போகட்டும்.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து இறங்குகிறேன். முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். வாசலிலிருந்து பீடம் வரை எவ்வளவு தூரம் என்று எழுதாதே, தெரிந்தால் பயந்துவிடுவேன். உன் கடையை வந்து பார்க்கிறேன். அந்த ஸ்பெயின்காரிக்கு என் கையால் ஒரு காபி போட்டுக் கொடுக்க வேண்டும்.

விமான நிலையத்துக்கு நீ வராவிட்டாலும் பரவாயில்லை, யானிரிஸை அனுப்பு. அவள் பிறந்ததிலிருந்து நான் அவளை ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. எட்டு வயதுப் பிள்ளையை யாரும் தூக்க மாட்டார்கள், கனம் என்பாய். நான் தூக்குவேன். முழங்கால் எப்படியும் போகப்போகிறதுதானே.

உன் அக்கா,
சுனில்தா